ஆள் எங்க நிக்கணும்? நெல்லைச் சீமையில் ஐந்து நாள்

முதல் நாள்: ஜங்ஷன்

நெல்லை எக்ஸ்பிரஸ் சொன்ன நேரத்துக்கு இறக்கிவிட்டது. தோளில் ஒரு பை, கையில் ஒரு ஃபைல். ஃபைலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணமே அதனால்தான்.

சென்னையில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. சிறுவர் நூல் ஒன்றுக்குப் பழைய இயந்திரப் படங்கள் நாற்பது பொறுக்கித் தரச் சொன்னார்கள். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தவை, செப்புத்தகட்டில் கீறியவை, காப்புரிமை கேட்டு மனுப் போட்டபோது இணைத்த கோட்டுப் படங்கள். நீராவி எஞ்சின், நூற்பு மிஷின், நீர்ச்சக்கரம், கடைசல் பட்டறை எல்லாம் உண்டு. இரண்டு மாதம் திரையிலேயே பார்த்ததில் எல்லாப் படமும் எனக்கு ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நான் பிறந்த சீமையில் இதையெல்லாம் ஓட்டிக் கை காய்த்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களிடம் காட்டினால் என்ன? ஏ4 தாளில் அச்செடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன். போனில் அடிப்பதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ஆள் யாரும் அகப்படவில்லை. சரி என்று சுலோச்சன முதலியார் பாலத்துக்கு நடந்தேன். சின்ன வயதில் ஆயிரம் தடவை இதன் மேலே போயிருக்கிறேன், ஒரு தடவைகூட அடியில் இறங்கிப் பார்த்ததில்லை. இன்றைக்கு இறங்கினேன். பதினோரு வளைவுகள், ஒவ்வொன்றும் 60 அடி. கேப்டன் ஃபேபர் வரைபடம் போட, ஹார்ஸ்லி மேற்பார்வையில் 1843ல் கட்டி முடித்தார்கள். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தக் காசைப் போட்டுக் கட்டியது.

லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துத்தான் இதைக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். என் ஃபைலில் அந்த வாட்டர்லூ பாலம் இருந்தது. ஜான் ரென்னி கட்டி 1817ல் திறந்தது. ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளின் புகைக்குள் அது மங்கி நிற்பதைப் பிரெஞ்சு ஓவியர் மோனே திரும்பத் திரும்ப வரைந்தார். 1930களில் அதை இடித்துவிட்டு வேறு பாலம் போட்டுவிட்டார்கள். அசல் போய்விட்டது, நம் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து நகல் நிற்கிறது. படத்தைத் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "என்ன தம்பி, பாலத்தை விக்கப் போறாவளா?" என்றார். என்னைச் சர்வேக்காரன் என்று நினைத்துவிட்டார்.

ரயில் 1876ல்தான் இந்தப் பக்கம் வந்தது. வந்த பிறகும் ஜங்ஷனுக்கு ரொம்ப நாள் 'தின்னவேலி பிரிட்ஜ்' என்றுதான் பெயர். ஊரின் அடையாளமே பாலமாக இருந்திருக்கிறது.

அல்வா பற்றி எழுத மாட்டேன். தின்றேன், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள்: கல்லிடைக்குறிச்சி, பாபநாசம்

செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சி. ஆனி கடைசி, சேரன்மகாதேவி தாண்டியதுமே ஜன்னலில் சாரல். சித்தப்பா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் ஒரு நூற்பாலையில் சைடராக, அதாவது நூற்பு மிஷினைப் பார்த்துக்கொள்கிறவராக, இருந்தவர். எந்த மில் என்று எழுதக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. வலது காதில் பேசினால் கேட்காது, இடது பக்கம் வந்து உட்கார வேண்டும். எதிரே இருப்பவர் வாயசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார். மில்லில் பழகிய வித்தை. உள்ளே ஓடுகிற சத்தத்தில் யாரும் காதால் பேசுவதில்லையாம்.

காப்பி முடிந்ததும் ஃபைலை விரித்தேன். முதலில் எடுத்துக்கொடுத்தது 1835ல் இங்கிலாந்தில் அச்சான படம். தாமஸ் ஆலம் வரைந்தது. பெரிய கூடம், இரண்டு பக்கமும் நீளமாக மியூல் எனப்படும் நூற்பு மிஷின். இயந்திரப் படங்களைத் தேடுகிற எல்லோர் கண்ணிலும் படுகிற பிரபலமான படம்தான்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது ரிங் பிரேம் இல்லையே. அடியில சக்கரம் கெடக்கு. மிஷினே முன்னால வந்து வந்து போகுமோ?"

அதேதான். சாமுவேல் கிராம்ப்டன் 1779ல் செய்தது. கதிர்களை, அதாவது நூல் சுற்றிக்கொள்கிற தண்டுகளை, சுமந்த வண்டி தண்டவாளத்தில் பின்னுக்கு நகரும். நகர நகர நூல் நீண்டு முறுக்கேறும். முன்னுக்குத் திரும்பும்போது நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். இழுப்பது ஒரு நடை, சுற்றுவது ஒரு நடை. சித்தப்பா ஓட்டிய ரிங் பிரேமில் இந்த வருவதும் போவதும் கிடையாது. 1828ல் அமெரிக்காவில் ஜான் தார்ப் காப்புரிமை வாங்கிய ஏற்பாட்டிலிருந்து வந்தது அது. முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே சமயத்தில், நிற்காமல் நடக்கும். கதிரைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தின் மேல் நகத்தளவு கம்பிக் கொக்கி ஒன்று சுற்றிச் சுற்றி ஓடும். அதற்கு டிராவலர் என்று பெயர். "அது சூடேறிச் சூடேறித் தேஞ்சு போகும். எத்தனை மாத்தியிருப்பேன்!" என்று கட்டைவிரலைக் காட்டினார். நகத்தின் ஓரம் வெட்டுப்பட்டு ஆறிய தழும்பு.

அப்புறம்தான் அதைச் சொன்னார்.

"இந்தப் பயலைப் பாத்தியா?"

"எந்தப் பயல்?"

"கீழ. நூலுக்கு அடியில. பஞ்சு பொறுக்குதான்."

இரண்டு மாதம் இந்தப் படம் என்னிடம் இருந்திருக்கிறது. வெளிச்சம் சரிசெய்தேன், ஓரம் வெட்டினேன், கறை நீக்கினேன். நூற்கிற ஆளையும் பெண்ணையும் பார்த்திருக்கிறேன். மிஷினுக்கு அடியில் முதுகை வளைத்துக் குனிந்திருக்கும் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. வண்டி பின்னால் போயிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் அடியில் புகுந்து உதிர்ந்த பஞ்சைக் கூட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்கென்றே அங்கே குழந்தைகளை வைத்திருந்தார்கள். வரைந்தவர் ஒன்றும் மறைக்கவில்லை. நான்தான் மிஷினை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஒரு காப்புரிமைப் படம் கொடுத்தேன். சுத்தமான கோடுகள், எண்கள், அம்புக்குறிகள். எனக்கு மிகவும் பிடித்த படம் என்றுகூடச் சொல்வேன். சித்தப்பா அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். இதுல ஆள் எங்க நிக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே விளக்கினார். இரண்டு பிரேமுக்கு நடுவில் ஒரு சந்து, அதுதான் சைடருக்கு ராஜ்ஜியம். இழை அறுந்த இடத்தைக் கண் பார்க்கும், கால் அங்கே போய்விடும், கை ஒட்டிவிடும். டாபர்கள் நிறைந்த பாபினை உருவிக்கொண்டு வருவார்கள், அவர்களுக்கு வழிவிட வேண்டும். ஷிப்டு முடிகிறபோது கால் மரத்துப் போயிருக்கும். "மிஷினை வரையறவன் அந்தச் சந்தையும் வரையணும்லா?"

பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்தார். அதில் ஒரே ஒரு போட்டோ. கறுப்பு வெள்ளை, எழுபதுகளில் எடுத்தது. ரிங் பிரேமின் ஒரு முனை. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் பூமாலை, கீழே திருஷ்டிப் பூசணி. முன்னால் பதினெட்டுப் பேர், எல்லோர் தலையிலும் எண்ணெய் மின்னுகிறது. ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்தது. அன்றைக்கு மட்டும்தான் கேமராவை உள்ளே விடுவார்களாம்.

நான் சேர்த்து வைத்திருக்கும் நாற்பதில் இப்படி ஒரு படம் இல்லை. மிஷின் நிற்கிறது, அதைச் சுற்றி ஆட்களும் நிற்கிறார்கள், யார் யார் என்று முகம் தெரிகிறது. போட்டோவின் வலது ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. மிஷினுக்குப் பின்னாலிருந்து நீண்டு விளிம்பைப் பிடித்திருக்கிறது. ஆளைக் காணோம். யாருடையது என்று கேட்டேன். சித்தப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. பதினெட்டுப் பேரையும் பெயர் சொல்லி, யாருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பது வரை சொன்னவர், அந்தக் கையில் மட்டும் மாட்டிக்கொண்டார். மத்தியானம் சாப்பிடும்போதும் "யாருடைய கை அது" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பாபநாசம். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற அண்ணன் தம்பிகள் 1880களில் இங்கே நூற்பாலை தொடங்கியதற்குக் காரணமே ஆறு மலையிலிருந்து இறங்குகிற வேகம்தான். நிலக்கரி இல்லாத சீமையில் தண்ணீரைக் கொண்டு கதிரைச் சுற்ற வைத்தார்கள். அம்பாசமுத்திரத்துக்கு அப்போது ரயில் கிடையாது. திருநெல்வேலி வரைக்கும் ரயிலில் வந்த இரும்பு, மிச்சத் தூரத்துக்கு மாட்டைத்தான் நம்ப வேண்டியிருந்திருக்கும். இயந்திர யுகத்தை இழுத்துக்கொண்டு வந்த மாடுகளை யாராவது படம் எடுத்திருந்தால் நாற்பத்தோராவதாகச் சேர்த்திருப்பேன்.

ஃபைலில் ஜான் ஸ்மீட்டன் 1759ல் வெளியிட்ட மாதிரி நீர்ச்சக்கரத்தின் படமும் இருக்கிறது. சக்கரத்தின் அடியில் தண்ணீர் மோதுவதைவிட, உச்சியிலிருந்து விழுந்து வாளிகளை நிரப்பினால் கிடைக்கும் வேலை கிட்டத்தட்ட இரு மடங்கு என்று அளந்து காட்டியவர் அவர். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாபநாசம் மின்நிலையத்துக் குழாய்கள் மலையிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். தண்ணீரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது பைக்காராவில் 1932, மேட்டூரில் 1937, அதற்கப்புறம் 1944ல் பாபநாசம். அதே தண்ணீர், அதே விழுகை, சக்கரத்தின் இடத்தில் டர்பைன். படம் எடுக்கலாமா என்று கேட்கக்கூட இல்லை, காவலர் தூரத்திலிருந்தே கையாட்டிவிட்டார்.

மூன்றாம் நாள்: அம்பாசமுத்திரம்

விடிந்ததிலிருந்து மழை. சாரல் இல்லை, மழையேதான். பாதி நாள் பஸ் ஸ்டாண்டில் போயிற்று.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கடைசல் பட்டறைக்குள் ஒதுங்கினேன். அம்பைச் சொப்புச் சாமான் கடைகிற இடம். இப்போது மோட்டார்தான். அந்தக் காலத்தில் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மற்றவர் உளி பிடிப்பாராம். லியனார்டோ டா வின்சி வரைந்த கால்மிதிக் கடைசல் எந்திரத்தைக் காட்டினேன். கட்டை அதில் ஒரே திசையில் சுற்றும். பட்டறைக்காரர் ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டார். "கயித்துல ஒரு இழுப்பு வேலைக்கு, ஒரு இழுப்பு வீணுக்கு. இவர் அதை மிச்சம் பிடிச்சிருக்காரு" என்றார். பிறகு சுற்றுகிற கட்டையில் அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினார். தேய்க்கிற சூட்டிலேயே அரக்கு இளகிச் சிவப்பு ஏறியது. மேலே தாழை மடலால் ஒரு தேய்ப்பு, பளபளவென்று ஆகிவிட்டது.

அடுக்கில் இருந்தவற்றைப் பார்த்தேன். அம்மி, உரல், உலக்கை, ஆட்டுக்கல், திருகை. எல்லாம் கட்டைவிரல் உயரம். பக்கத்தில் ஒரு காஸ் அடுப்பு, சிலிண்டரோடு. நம் வீட்டு இயந்திரங்களின் வரலாற்றைத் தாளில் யாரும் ஒழுங்காக வரைந்துவைக்கவில்லை, இவர்கள் மரத்தில் கடைந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு திருகை வாங்கினேன். மேல்கல் நிஜமாகவே சுற்றுகிறது.

நான்காம் நாள்: கயத்தாறு, கோவில்பட்டி

நண்பனின் ஊர் கயத்தாறு தாண்டி உள்ளே. கரிசல் காடு. பஸ்ஸை விட்டு இறங்கினதும் காற்று ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. கண்ணுக்கெட்டின வரை காத்தாடிகள். காற்றாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். தூத்துக்குடிப் பக்கம் 1986ல் சோதனைக்காக நட்டதில் ஆரம்பித்தது இந்தக் கூட்டம்.

நண்பனுடைய ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் வயது. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்தார். நீராவி ரயில், நூற்பு மிஷின், அச்சு இயந்திரம், எதற்கும் அசையவில்லை. தாமஸ் பார்னி 1719ல் செதுக்கிய நியூகோமன் எஞ்சின் படம் வந்ததும் கை நின்றது.

"ஏத்தம்லா இது!"

உலகத்தில் வேலைக்கு நின்ற முதல் நீராவி எஞ்சின் அது. 1712ல் இங்கிலாந்தில் டட்லி பக்கத்தில் சுரங்கத் தண்ணீரை இறைக்க வைத்தது. நிமிடத்துக்கு 12 தடவை ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 10 காலன் தண்ணீர். அதன் உடம்பே ஒரு பெரிய துலாக்கட்டைதான். ஒரு முனையில் சங்கிலி சுரங்கத்துக்குள் இறங்குகிறது, மறு முனை ஏறி இறங்குகிறது. ஏற்றமேதான். புத்தகங்களில் எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன், எதிலும் இந்த ஒரு சொல் இல்லை.

ஆச்சி விடவில்லை. "மேல நடக்க ஆளைக் காணோமே? ஆள் ஏறி மிதிக்காம கட்டை எப்படித் தாழும்?"

முடிந்த அளவு சொன்னேன். ஒரு அண்டாவுக்குள் நீராவி போகும், அதன் மேல் பச்சைத் தண்ணீரைப் பீச்சுவார்கள், ஆவி சட்டென்று தண்ணீராகிச் சுருங்கிவிடும், உள்ளே ஒன்றுமில்லாமல் போய்விடும். அப்போது வெளியே இருக்கிற காற்று மேலிருந்து தட்டை அமுக்கும். கட்டையின் அந்த முனை தாழும், மறு முனை தண்ணீரோடு எழும்பும். நீராவி தள்ளுவதில்லை, காற்றுதான் அமுக்குகிறது.

"காத்தா?" ஆச்சி வெளியே சுற்றிக்கொண்டிருந்த காத்தாடியைப் பார்த்தார். "இந்தச் சனியன் அப்பவே வந்துட்டா?"

வீட்டுக்குப் பின்னால் அவர்கள் கிணறு. கமலை இறைத்த கல்தூண்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. மாடு சரிவில் இறங்கினால் தோல் சால் மேலே வரும், மாட்டைப் பின்னாலேயே நடத்தி ஏற்ற வேண்டும். அறுபதுகளில் ஆயில் எஞ்சின் வந்தது. முதல் நாள் அது ஓடியபோது கமலை மாடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். ஆயில் எஞ்சினோடு எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டேன். எதை எதிர்பார்த்துக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தது. எஞ்சினின் பறக்கும் சக்கரத்துக்குக் குங்குமப் பொட்டு, கரும்பு, மாலை. ஆயுத பூஜை.

கோவில்பட்டிக்கு வரும்போது இருட்டிவிட்டது. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை அண்ணாச்சி ஒருவரைப் பிடித்தேன். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். "தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா" என்றால் மேஜை நாற்காலி வேலை இல்லை.) அவரிடம் பழைய லேபிள்கள் ஒட்டிய நோட்டு இருந்தது. விமானம், ரயில் எஞ்சின், கப்பல், தையல் மிஷின், டேபிள் ஃபேன். எல்லாம் சிவகாசியில் அச்சானவை. கலர் ஒன்றின் மேல் ஒன்று அரைக்கால் அங்குலம் நகர்ந்திருந்தது, அச்சகக்காரனாக எனக்குக் கொஞ்சம் வலித்தது.

ஸ்வீடன் நாட்டு யோன்ஷோப்பிங் நகரில் அலெக்சாந்தர் லாகர்மன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீக்குச்சி மிஷின்களைச் செய்துவிட்டார். குச்சியை அடுக்கி, மருந்தில் முக்கி, பெட்டியில் போடுவது வரை மிஷின் பார்த்துக்கொள்ளும். நம் பக்கத்தில் ரொம்ப காலம் அதே வேலையைச் சட்டத்தில் குச்சி அடுக்கிப் பெண்களின் கைதான் செய்தது. பெட்டியின் மேலே விமானம், உள்ளே கையால் அடுக்கிய குச்சி. அண்ணாச்சியிடம் கேட்டேன், குச்சி அடுக்குகிற பெண் படம் போட்ட லேபிள் ஏதாவது உண்டா? நோட்டை முழுக்கப் புரட்டினார். "சினிமாக்காரி படம் வேணும்னா இருக்கு" என்றார்.

ஐந்தாம் நாள்: ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி

இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த இயந்திரப் படம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடச் சுவரில், காலண்டரில், மேடைத் தட்டியில் அதைப் பார்த்தே வளர்ந்தோம். வ.உ.சி. செக்கிழுக்கிற படம்.

ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீட்டு வாசலில் நின்றபோதுதான் இது உறைத்தது. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, காலியா, லாவோ என்று இரண்டு நீராவிக் கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விட்டவர். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தியபோது சுப்பிரமணிய சிவாவோடு கூட நின்றவர். மார்ச்சில் கைது. பிறகு கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். உரல், உலக்கை, நுகம், மூன்றே உறுப்புள்ள இயந்திரம். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. நான் அதன் பக்கத்தில் நின்று சுண்டல் தின்றிருக்கிறேன். கல் மட்டும்தான் அங்கே கண்ணில் படும். இழுத்த ஆளைச் சேர்த்து வரைந்தது இந்தக் காலண்டர்காரர்கள்தான். உடற்கூறு சரியில்லை, நிழல் தப்புத் தப்பாக விழும். என் நாற்பது படத்துக்கும் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. ஆள் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் பழைய துறைமுகப் பக்கம் கொஞ்சம் நடந்தேன். வெயில். மக்ரூன் வாங்கினேன்.

ரயிலுக்கு முன்னால் பதிப்பாசிரியருக்குப் போன் போட்டேன். நாற்பதில் ஆறு படத்தை எடுத்துவிட்டு ஆறு ஆயுத பூஜைப் படம் வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் முதலில் பேசவில்லை. "வரலாற்றுப் படம்னு சொன்னோமே" என்றார். எழுபதுகள் வரலாறு இல்லையா என்று கேட்டேன். இரண்டுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். ஊர் போனதும் மிச்சத்துக்குச் சண்டை போட வேண்டும்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் சித்தி யாரையோ திட்டுகிற சத்தம். இவர் வழக்கம்போல மில்லுக்குள் நிற்பவர் மாதிரி கத்துகிறார்:

"ஏய்யா, அந்தக் கை யாருதுன்னு ஞாபகம் வந்துட்டு. மில்லு ஆளே இல்லை. போட்டோ எடுக்க வந்தவர்கூட ஒரு சின்னப் பய வந்தான்லா, பின்னால வெள்ளைத் துணியை இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நின்னான். அவன் கைதான் அது. பூசைப் பொரி கொடுக்கும்போதுதான் வெளியவே வந்தான். பேரு கேட்டுக்கிடலை."